அகல மானிட்டரும் இரண்டு தாய்மாமன்களும்

போன வாரம் கடைப்பக்கம் வந்திருந்தேன். புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒருவர் புது மானிட்டரைப் பெட்டியிலிருந்து எடுத்து மேசையில் நிறுத்தினார். திரை எரிந்தது. ஐகான்கள் எல்லாம் இரண்டு பக்கமும் பிடித்து இழுத்த மாதிரி இருந்தன. "ரெசல்யூஷன் மாத்தணும், அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு அவர் ஒரு கல்யாண பேனரைத் திறந்தார். நான் வாயைத் திறந்தேன்; அதற்குள் டீ வந்துவிட்டது. அன்று சொல்ல வந்ததை இங்கே எழுதுகிறேன். சிரிக்கலாம், சிரிப்பதற்கான கதைதான். சிரித்து முடித்ததும் அந்த பேனரை ஒருமுறை அளந்து பாருங்கள்.

பத்திரிகையில் பக்கம் வடிவமைப்பவனாக இருந்துவிட்டு, பிற்பாடு திண்டுக்கல்லில் உங்களுடைய இந்தக் கடைக்கு வந்தவன் நான். ஒரு வரி அரை மில்லிமீட்டர் கீழே இறங்கியிருந்தால் நடந்து போகிற போக்கிலேயே சொல்லிவிடுவேன். இப்படி என்னைப் பற்றி யார் சொன்னார்கள் என்றால், பெரும்பாலும் நான்தான் சொன்னேன். அடிக்கடி சொன்னதால் கடையில் மற்றவர்களும் நம்பினார்கள். யாராவது ஸ்கேலை எடுத்தால் "எதுக்கு? கண்ணு இருக்குல்ல" என்பேன். அந்தக் கண்ணுக்கு ஏற்கெனவே வயதாகியிருந்தது. அது எனக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியக்கூடாது என்பதில் கவனமாக இருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் சாணார்பட்டிப் பக்கத்திலிருந்து பாண்டியம்மாள் வந்தார். மகளுக்குக் காதுகுத்து. குலதெய்வக் கோயிலில் கிடா வெட்டு, வாசலில் ஃபிளக்ஸ் போர்டு. போர்டின் நடுவில் ஒரு பெரிய வட்டத்துக்குள் குழந்தை படம், இரண்டு பக்கமும் தாய்மாமன்கள் படம். கேட்பதற்குச் சாதாரண வேலை.

"ரெண்டு மாமனும் ஒரே உசரம் இருக்கணும் சார்" என்றார். "ஒரு இஞ்சு கூடக் குறையக் கூடாது."

"வழக்கமாப் பெரியவருக்குத்தானே பெரிய படம்?"

"வழக்கமா இருந்தா நான் எதுக்கு டவுனு வரைக்கும் வாரேன்? எங்க ஊர்லயே அடிச்சிர மாட்டேனா?"

பிறகு சொன்னார். அவருடைய அண்ணனும் தம்பியும் ஒரே கிணற்றுக்காரர்கள். யார் எப்போது மோட்டார் போடுவது என்பதில் தகராறு வந்து, அண்ணன் வீட்டைக் காலிசெய்து ஒட்டன்சத்திரம் போய்க் காய்கறி மண்டி வைத்துவிட்டார். தம்பி ஊரிலேயே மல்லிகை போட்டிருக்கிறார். அதற்குப் பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. இந்தக் காதுகுத்துக்கு இரண்டு பேரையும் தனித்தனியாகக் கெஞ்சிச் சம்மதிக்க வைத்திருக்கிறார் பாண்டியம்மாள். பெரியவர் மடியில் வைத்துக் காது குத்துவது, சின்னவர் சீர்த்தட்டோடு பக்கத்தில் நிற்பது என்று பேச்சு. சின்னவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: போர்டில் அண்ணனைவிடத் தன் படம் சிறியதாக இருக்கக் கூடாது.

"யாராவது ஒருத்தர் கோவிச்சுக்கிட்டுப் போனா, அவுக வீட்டு வாசப்படியை நான் மிதிக்க முடியாது சார். பொறந்த வீட்டுல பாதி போயிரும். அம்புட்டுத்தான்" என்றார். அழவில்லை. முழம் போட்டு விலை சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

அண்ணனின் படத்தை மட்டும் அன்று கொடுத்துவிட்டுப் போனார். தம்பி தானே வந்து கொடுப்பாராம். அண்ணன் படத்தையும் குழந்தை படத்தையும் இடத்தில் வைத்து முடித்தேன். அன்று மத்தியானம் என் பழைய சதுர மானிட்டர் ஒரு முறை மின்னி அணைந்தது. பிறகு எரியவே இல்லை.

புது மானிட்டரோடு வந்தவர் ரஹ்மத் பாய், பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கணினிக் கடை வைத்திருப்பவர். அகலத் திரை. ஒயரைச் சொருகி, அமைப்புக்குள் போய், ரெசல்யூஷனை 1920-க்கு 1080 என்று வைத்தார். படம் கண்ணாடி மாதிரி தெளிந்தது. கூடவே எழுத்தெல்லாம் எறும்பு அளவுக்குச் சுருங்கிவிட்டது. மெனுவில் என்ன எழுதியிருக்கிறது என்றே எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும்.

"பாய், இது சரியா வரல. பழைய மானிட்டர்ல இருந்த அளவே வைங்க" என்றேன்.

"அது சதுரம் சார், இது அகலம். அந்த அளவை இதுல வச்சா ஆளுங்க எல்லாம் பூசணிக்கா மாதிரி இழுத்துத் தெரிவாங்க."

"இழுத்தா என் கண்ணுக்குத் தெரியாதா?"

"எழுத்து சின்னதாத் தெரியுதுன்னா சொல்லுங்க. எழுத்தை மட்டும் பெருசாக்க வேற எடம் இருக்கு. செஞ்சு தாரேன்."

"எழுத்து நல்லாத்தான் தெரியுது. பழக்கத்துக்குச் சொல்றேன்."

பாய் என்னை ஒரு பார்வை பார்த்தார். "தொழுகைக்கு நேரமாச்சு. நீங்க சொன்னபடியே வச்சிட்டேன். நாளைக்கே போன் பண்ணுவீங்க, பாருங்க" என்று கிளம்பினார். பண்ணக் கூடாது என்று நான் அப்போதே முடிவுசெய்துவிட்டேன்.

இந்த இடத்தில் தொழில் விஷயம் ஒன்றே ஒன்று. ஒவ்வொரு திரைக்கும் சொந்தமான ஓர் அளவு உண்டு. அந்த அளவில் வைத்தால்தான் வட்டம் வட்டமாகத் தெரியும். சதுரத் திரையின் அளவை அகலத் திரைக்குக் கொடுத்தால், படத்தை அது இரண்டு பக்கமும் இழுத்து நிரப்பிக்கொள்ளும். கோப்பில் எதுவும் மாறியிருக்காது, நீங்கள் பார்ப்பது மட்டும் மாறியிருக்கும். எழுத்து சிறிதாகத் தெரிந்தால் எழுத்தின் அளவைக் கூட்டுங்கள். அதற்கும் மேல் வேண்டுமானால் கண்ணாடிக் கடைக்குப் போங்கள். ரெசல்யூஷனில் கை வைக்காதீர்கள்.

நான் கை வைத்த மறுநாள், பாண்டியம்மாள் வேலையைத் திரையில் திறந்தேன். அண்ணன் நன்றாகப் பருத்துத் தெரிந்தார். முந்தின நாள் இவர் இப்படி இருந்தாரா என்று ஒரு கணம் தோன்றியது. உடனே பத்திரிகைக்காரப் புத்தி வேலை செய்தது. ஒட்டன்சத்திரம், மண்டி, நாள் முழுக்கக் கல்லாவில் உட்கார்ந்த உடம்பு, வேளாவேளைக்குச் சாப்பாடு. இப்படித்தானே இருப்பார்? நேரில் பார்க்காத ஒரு மனிதருக்கு நான் எடை கூட்டிச் சரித்திரமும் எழுதிவிட்டேன். குழந்தை கொழுகொழுவென்று இருந்தது. குழந்தை என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும். குழந்தையைச் சுற்றியிருந்த வட்டம் முட்டை வடிவத்தில் தெரிந்தது. அது எனக்கு அழகாகவே பட்டது.

சிறிது நேரத்தில் தம்பி வந்தார். உயரமான, ஒல்லியான மனிதர். சட்டையில் மல்லிகை வாசம். போனிலிருந்து படத்தை அனுப்பிவிட்டு என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். முதலில் அவர் பார்த்தது தன் படத்தை அல்ல.

"அடேயப்பா, என்ன இம்புட்டு ஊதிட்டாரு!"

"ரொம்ப நாளாப் பாக்கலையோ?"

"பாக்கல. மண்டிச் சோறு நல்லாப் பிடிச்சிருக்கு போல."

என் சரித்திரத்துக்குச் சாட்சியும் கிடைத்துவிட்டது. அடுத்து அவருடைய படத்தை வைத்தேன். அவரும் பருத்துத் தெரிந்தார்.

"ஏன் சார், நானும் ஊதித்தான் தெரியுறேன்?"

"போன் கேமரா அப்படித்தான் காட்டும். நான் சரி பண்றேன்" என்று படத்தைப் பக்கவாட்டில் அமுக்கினேன். அவரைத் திரும்பிப் பார்ப்பேன், கொஞ்சம் அமுக்குவேன், மறுபடி பார்ப்பேன். ஓவியர் மாடலைப் பார்த்து வரைகிற மாதிரி எனக்கே ஒரு மிடுக்கு வந்துவிட்டது.

"ஆங், இப்பத்தான் நான்" என்றார் அவர்.

உயரம் இருவருக்கும் ஒன்று. அதில் குறையே இல்லை. அமுக்கியதில் தம்பியின் பக்கம் மிச்சமான இடத்தில் ஒரு மல்லிகைச் சரத்தைத் தொங்கவிட்டேன். பூக்காரர் என்பதற்குப் பொருத்தமாகவும் இருந்தது. பாண்டியம்மாள் போனுக்கு மாதிரியை அனுப்பினேன். எங்கள் தொழிலில் வாடிக்கையாளர்கள் மாதிரியில் எதைப் பார்ப்பார்கள் என்று உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். கீழே இருக்கும் சொந்தக்காரர்கள் பெயர் வரிசை. யார் பெயராவது விட்டுப்போனால் விசேஷமே நின்றுவிடும். அவர் பெயர்களைப் படித்தார், இரண்டு தலையும் ஒரே மட்டத்தில் இருப்பதைப் பார்த்தார், "சரி சார்" என்றார். ஃபிளக்ஸ் அடிக்கிற பிரஸ்ஸுக்குக் கோப்பு போயிற்று. போர்டு ஊருக்குப் போயிற்று.

காதுகுத்தன்று காலையில் பாண்டியம்மாள் போனில் கூப்பிட்டார்.

"சார், சின்னவன் கோவிச்சுக்கிட்டு ரோட்டு டீக்கடையில போய் ஒக்காந்துட்டான். சீர்த்தட்டெல்லாம் திரும்பி வீட்டுக்குப் போயிருச்சு. என்ன சார் பண்ணி வச்சிருக்கீக?"

"என்னம்மா ஆச்சு?"

"போர்டுல அவன் காஞ்ச கருவாடு மாதிரி இருக்கான் சார். அண்ணன் கிண்ணுன்னு இருக்காரு. 'கடையில பாக்கும்போது அவரு ஊதிப்போயும் நான் சரியாவும் இருந்தேன். இப்ப அவரு சரியாவும் நான் சவலையாவும் இருக்கேன். நான் கடையில இருந்து கிளம்புனப்பறம் நீதான் போன் பண்ணி மாத்தச் சொல்லிருக்க'ங்குறான். நான் எப்ப சார் சொன்னேன்? அண்ணன் வேற பஸ்ஸுல வந்துக்கிட்டே இருக்காரு."

"பிரஸ்ல ஏதோ தப்பு நடந்திருக்கும்மா. நான் பாக்குறேன்" என்றேன். பிரஸ்ஸில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் வாக்கியம் தயாராக இருந்தது. இது உங்களுக்கும் வரும். தப்பு என்ன என்று தெரிவதற்கு முன்பே அது யாருடையது என்று வாய் முடிவு செய்துவிடும்.

வண்டியை எடுத்துக்கொண்டு பிரஸ்ஸுக்குப் போனேன். அப்போதுதான் திறந்திருந்தார்கள். பிரஸ்காரர் என் வயதுக்காரர், பழைய சிநேகிதர். அவரிடம் கத்தினேன். அவர் கோப்பைத் திறந்தார். திரையில் தம்பி முருங்கைக்காய் மாதிரி நின்றார்.

"உங்க மானிட்டர் சரியில்ல" என்றேன்.

"இருக்கலாம்" என்றார் அவர், பல்குச்சியை மாற்றிக் கடித்துக்கொண்டு.

அப்போதுதான் நடுவில் இருந்த வட்டத்தைப் பார்த்தேன். அது வட்டமாக இருந்தது. பூரண வட்டம். என் திரையில் அது முட்டையாக இருந்ததும், அந்த முட்டையை நான் ரசித்ததும், ரஹ்மத் பாய் சொன்ன பூசணிக்காயும் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்தன. கத்துவதை நிறுத்தினேன். நிறுத்திய விதத்திலேயே பிரஸ்காரருக்கு விஷயம் புரிந்துவிட்டது. நல்ல மனிதர், சிரிக்கவில்லை. திரும்பிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது.

அவருடைய மேசையிலேயே உட்கார்ந்து தம்பியை அகட்டினேன். அகட்டி முடித்ததும் அண்ணன் கண்ணில் பட்டார். இந்தத் திரையில் அவர் ஒல்லியாக இருந்தார். மண்டிக்காரர் இவ்வளவு ஒல்லியாக இருக்க மாட்டாரே என்று தோன்றி, மவுஸை அவர் படத்துக்குக் கொண்டுபோனேன்.

"யோவ், கையை எடு" என்றார் பிரஸ்காரர். "அவரை எங்கேயாவது பாத்திருக்கியா நீ?"

இல்லை. கையை எடுத்தேன். ஒரு ஸ்கேலை வாங்கி, வட்டத்தைக் குறுக்கிலும் நெடுக்கிலும் திரைமேல் வைத்து அளந்தேன். இரண்டும் ஒன்றாக இருந்தன. அச்சுக்குக் கொடுத்தேன். மெஷின் வரி வரியாகத் துப்பிக்கொண்டிருந்தபோது பிரஸ்காரர் சொன்னார்: "மெஷின் கோளாறுன்னு சொல்லிரு. எம்மேல போடு. எல்லாரும் எம்மேலதான் போடுறாங்க, எனக்குப் பழகிப்போச்சு." தங்கமான யோசனையாகப் பட்டது. ஈரம் காய்ந்ததும் சுருட்டி முன்னால் வைத்துக்கொண்டு சாணார்பட்டி ரோட்டில் வண்டியை விட்டேன். போகும்போதே மெஷின் கோளாறை விவரமாகத் தயார்செய்துகொண்டேன்.

கோயிலுக்குப் பிரியும் இடத்தில்தான் டீக்கடை. தூரத்திலிருந்தே கூட்டம் தெரிந்தது. வண்டியை நிறுத்திவிட்டு, பழைய நினைப்பிலேயே கூட்டத்தில் ஒரு குண்டான ஆளைத் தேடினேன். யாரும் இல்லை. பெஞ்சில் தம்பி உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்னால் அவரைப் போலவே உயரமும் ஒல்லியுமான ஒருவர் குனிந்து நின்று, அவருடைய மேல்கையைப் பிடித்து அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். பாண்டியம்மாள் பட்டுப்புடவையோடு ஓரமாக நின்றார்.

"சுகரு கிகரு இருக்காடா? மறைக்காமச் சொல்லு."

"எனக்கு என்ன கேடு? நல்லாத்தான் இருக்கேன். கையை விடுங்க."

"அப்பறம் போர்டுல அப்படிக் காஞ்சு கெடக்க? வாசல்ல பாத்துட்டு 'இவனுக்கு என்னாச்சு'ன்னு கேட்டா ஒருத்தரும் வாயத் தெறக்க மாட்டேங்குறாக. 'இப்ப வந்துருவான்'ங்குறாக, மூஞ்சியத் திருப்பிக்கிறாக. ஏலே, நான் பதறிப்போய் ஒன்னத் தேடி ஓடியாறேன்."

தம்பி கோபித்துக்கொண்டு போனதைச் சொல்லக் கூசி உறவினர்கள் மழுப்பியிருக்கிறார்கள். அண்ணன் அதை ஆஸ்பத்திரி விஷயம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்.

"இத்தன வருசம் வராதவரு, போர்டப் பாத்து வந்தீகளாக்கும்" என்றார் தம்பி.

"நீ வந்தியா? ஒட்டன்சத்திரத்துக்கு பஸ்ஸா இல்ல?"

"மோட்டாரு முறைய விட்டுக் குடுத்திருந்தா வந்திருப்பேன்."

"மோட்டாரே நான் வாங்குனதுடா!"

"கெணறு அப்பா வெட்டுனது!"

குரல் ஏறிக்கொண்டே போனது. நான் சுருளைத் தூக்கிக்கொண்டு நடுவில் புகப் போனேன். பாண்டியம்மாள் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார்.

"செத்த நேரம் சும்மா இருங்க சார். ரெண்டு பேரும் பேசுறாக."

அவர்கள் பேசியதற்குச் சண்டை என்றுதான் நான் பெயர் வைத்திருப்பேன். சும்மா இருந்தேன். கிணறு, மோட்டார், வரப்பு, யாருடைய கல்யாணத்துக்கு யார் வரவில்லை என்பது வரைக்கும் போயிற்று. கடைசியில் தம்பி தங்கையைக் கைகாட்டினார்.

"எல்லாம் இவ பண்ணுன வேலை. ஒங்களுக்காக என்னைச் சின்னதாக்கச் சொல்லிருக்கா."

பாண்டியம்மாள் முகம் செத்துவிட்டது. "பிரஸ்ஸுல தப்பாயிருச்சுன்னு சார் சொன்னாரு அப்பு" என்றார். அது அவருக்கே நம்பிக்கை இல்லாத குரலில் வந்தது.

அண்ணன் அப்போதுதான் என்னையும் என் கையிலிருந்த சுருளையும் பார்த்தார். ஒட்டன்சத்திர வாசம் அவர் பேச்சில் ஏறியிருந்தது.

"ஏனுங்க, போர்டு போட்டது நீங்கதானுங்களா?"

"நான்தான்."

"உங்களுக்குக் கண்ணு நல்லாத் தெரியுமுங்களா?"

மெஷின் கோளாறு நாக்கு நுனியில் இருந்தது. பிரஸ்காரர் அனுமதியே கொடுத்திருக்கிறார். ஆனால் பிரஸ்ஸுக்கு யார் வேண்டுமானாலும் போன் பண்ணி மாற்றச் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் தம்பியின் சந்தேகம் பாண்டியம்மாள் மேலேயே நிற்கும். என் மேல் விழுந்தால்தான் அவரைவிட்டு இறங்கும். இது எனக்கு உடனே தோன்றியது என்று சொன்னால் நம்பாதீர்கள். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேறு வழி தெரியவில்லை.

"தெரியாதுங்க" என்றேன். "எழுத்துத் தெரியலைன்னு வெளிய சொல்ல வெக்கப்பட்டுத் திரையோட அளவை மாத்தி வச்சேன். அதுல எல்லாரும் குண்டாத் தெரிஞ்சாங்க. உங்க தம்பி எதிர்லயே நின்னதால அவரை மட்டும் நானே அமுக்குனேன். உங்களை நான் பாத்ததில்ல, அதனால அப்படியே விட்டுட்டேன். தங்கச்சி ஒண்ணும் சொல்லல. அவங்க பேர் வரிசைதான் பாத்தாங்க."

தம்பி யோசித்தார். "அப்ப அன்னைக்கு அண்ணன் ஊதித் தெரிஞ்சது?"

"அதுவும் என் திரைதான்."

"என்னது? நான் ஊதித் தெரிஞ்சனா?" என்றார் அண்ணன்.

"பூசணிக்கா மாதிரி இருந்தீகண்ணே."

அந்த "அண்ணே"யை அவர் தெரியாமல்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். டீக்கடைக்காரர் முதலில் சிரித்தார். அண்ணன் சுருளை வாங்கி ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, மறுமுனையைத் தம்பியிடம் நீட்டினார். ரோட்டின் குறுக்கே பிரித்தார்கள். ஒரு மினிபஸ் ஹாரன் அடித்து நின்றது. இருவரும் அவரவர் படத்தை விட்டுவிட்டு அடுத்தவர் படத்தைப் பார்த்தார்கள்.

"நெசமாவே நீ எளைச்சுத்தான் போயிருக்க" என்றார் அண்ணன்.

இதிலிருந்து, தப்பு செய்தால் நல்லது நடக்கும் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அண்ணன் பஸ்ஸிலிருந்து இறங்கிப் போர்டைப் பார்த்துவிட்டு, "தம்பி வரலையா, சரி" என்று பேசாமல் இருந்திருந்தால், ஒரு பெண்ணுக்குப் பிறந்த வீட்டில் பாதி என் மானிட்டரால் போயிருக்கும். அவர் கலங்கி ஓடியது அவருடைய குணம். என் வேலையில் அதற்கு எந்தப் பங்கும் இல்லை. மறுநாள் ரஹ்மத் பாய்க்கு போன் பண்ணினேன். "வாரேன் சார்" என்றார், வேறு எதுவும் கேட்கவில்லை. அதற்காக இன்றைக்கும் அவர்மேல் எனக்கு மரியாதை.

புதுப் போர்டைக் கட்ட நேரமில்லை. காது குத்தும் ஆசாரி இரண்டு முறை ஆள் அனுப்பிவிட்டார். சீர்த்தட்டுகள் வீட்டிலிருந்து மறுபடி ஓடி வந்தன. கோயிலில் பாயை விரித்து அண்ணன் உட்கார்ந்தார். குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டு, பக்கத்தில் தட்டோடு நின்ற தம்பியை நிமிர்ந்து பார்த்தார்.

"தட்டைக் கீழ வச்சிட்டு ஒக்காரு. ஒரு காது எம்மடியில, ஒரு காது ஒம்மடியில."

"அப்படியெல்லாம் வழக்கம் இல்லையே" என்றார் ஆசாரி.

"நீ குத்துய்யா."

வலது காதுக்குக் குழந்தை வீறிட்டது. அழ அழ அதைத் தூக்கித் தம்பி மடிக்கு மாற்றினார்கள். குழந்தை பெரிய மாமனின் சட்டைக் காலரை விடாமல் பிடித்துக்கொண்டதால், அவரும் இழுபட்டுத் தம்பியின் தோளோடு தோளாகச் சாய வேண்டியதாயிற்று. அந்த நிலையிலேயே இடது காதும் குத்தி முடிந்தது. பாண்டியம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். குழந்தைக்கு வலிக்கிறதே என்றுதான் அழுகிறார் என்று நினைத்து, சுற்றியிருந்த பெண்கள், "முடிஞ்சு போச்சும்மா, ரெண்டும் குத்தியாச்சு" என்று தேற்றிக்கொண்டிருந்தார்கள்.